புல்லுருவி யார்?

யான் சிறுவனாய் இருந்த காலத்தில், எங்கள் தோட்டத்து லயத்தில், உழையாது உண்பவனைப் "புல்லுருவி" என்று ஏசுவர். பால்மரக் கிளையில் குருவிச்சை படர்ந்திருக்கக் கண்டபோதுதான் அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கிற்று. அதன் விதையைக் கொணர்ந்து ஒட்டுவது ஒரு சிறு குருவி எனப் பெரியவர் ஒருவர் கூறினார். அன்று முதல் அக்குருவிமீது எனக்குப் பெருஞ்சினம். நிரையின் கோடியில், காட்டோரச் செடியொன்றில் பைபோல் தொங்கிய அதன் கூட்டை ஒருநாள் கழியால் தட்டி வீழ்த்தினேன். இரண்டு சின்னஞ்சிறு முட்டைகள் உடைந்தன. நற்செயல் புரிந்தோம் என்றே அன்று எண்ணினேன்.

அது பூக்கொத்தி இனத்தது. மலாய்க்காரர் "செபா புத்திரி" என்பர். நீளம் ஏறக்குறைய 9 சென்டிமீட்டரே. ஆணுக்குத் தலையும் சிறகும் நீலச் சாம்பல், வயிறு செம்மஞ்சள். குருவிச்சைப் பழத்தை அது விழுங்கினால், பசை நீங்காத விதை விரைவில் வெளிப்பட்டுக் கிளையில் ஒட்டி முளைக்கும். முளைத்த செடி மரத்தின் நீரை உறிஞ்சும். மரத்திற்குத் தீங்கு உண்டென்பதை யான் மறுக்கவில்லை.

ஆயின், அக்குருவி ஊதாப்பூப் பூக்கும் செண்டுடுக்கின் பழத்தையும் உண்டு, அதன் நுண்ணிய விதைகளை வெளியெங்கும் தூவுகின்றது. அழிந்த காட்டில் முதன்முதல் தலைகாட்டுவன இத்தகைய செடிகளே. அவற்றின் நிழலிலன்றோ பிற மரக்கன்றுகள் பிழைக்கின்றன!

1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூமலைக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. பின்னர் அவ்வொரு மரத்திற்காகவும், அதன்பின் செம்பனைக்காகவும் காடுகள் வீழ்ந்தன. வெட்டிய கைகளுள் எம் முன்னோர் கைகளும் உண்டு. ஆதாயம் சென்ற இடம் வேறு. ஒரே மரம் வரிசையாய் நிற்குமிடத்தில், பல பழம் தின்று வாழும் சிற்றுயிர்க்கு இரை ஏது?

பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு விதை ஒன்றை ஊன்றிச் செல்லும் குருவியையா புல்லுருவி வகையில் சேர்ப்பது? பிறர் உழைப்பை உண்டு, கைம்மாறு ஏதும் செய்யாதவனுக்கே அப்பெயர் தகும். கூட்டைக் கலைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய எனக்கும் அன்று அது தகும்.

தோட்டத்து நண்பர்களே! ஓடைக்கரைப் புதரில் கத்தியை வைக்குமுன் சற்றே நின்று பாருங்கள். பிள்ளைகள் கையில் உண்டிவில் இருந்தால் அன்போடு வாங்கி வையுங்கள். என் வீட்டுப் பின்புறத்தில் தானாய் முளைத்த செண்டுடுக்கை யான் வெட்டுவதில்லை. அவ்விரண்டு முட்டைகளுக்கும் யான் பட்ட கடன் அது.