அக்கா மூன்று கரண்டி

“சாப்பிட்டாச்சா?” என்பதுதான் நம் வீடுகளில் நலம் விசாரிக்கும் முறை. மலாய்த் தோழியரும் “சூடா மாக்கான்?” என்றே கேட்பார்கள். பதினாறு வயதில் இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்களில் பெரும்பாலானவை பொய். அந்தப் பொய்யைப் பற்றியும், அதைக் கண்டுபிடித்த என் தம்பியைப் பற்றியும், எங்கள் இருவரையும் எனக்குப் புரியவைத்த சில ஆங்கில நாவல்களைப் பற்றியும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் எங்கள் வகுப்பில் மொத்தமே பதினெட்டுப் பேர். யார் குண்டு, யார் ஒல்லி என்று பார்த்ததாக நினைவில்லை. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் எனக்கு ஒரே பட்டப்பெயர் மூன்று மொழிகளில் கிடைத்தது. சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன். சிரிப்பு வீட்டுக்கு வரும்வரைதான் தாங்கியது.

2019ஆம் ஆண்டுத் தைப்பூசத்திற்கு 48 நாள் விரதம் எடுத்தேன். ஒருவேளை உணவு, அதுவும் சைவம். பால்குடம் எடுத்துப் பத்துமலைப் படியேறினேன். “இந்த வயசுல என்ன பக்தி பாருங்க!” என்று அத்தைமார் மெச்சினார்கள். தைப்பூசம் முடிந்தது, என் விரதம் முடியவில்லை. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை என்று சாப்பிடாமல் இருக்க ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கிடைத்தது. முருகனை நான் சாக்காக வைத்துக்கொண்டேன் என்பதே உண்மை.

அந்த நாட்களில்தான் ஒரு பழைய புத்தகக் கடையில் லோரி ஹால்ஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதிய ‘விண்டர்கேர்ல்ஸ்’ நாவல் கைக்கு வந்தது. லியா என்ற பதினெட்டு வயதுப் பெண் தன்னைப் பட்டினி போட்டுக்கொள்கிறாள். அவளுடைய தோழி கேசி, உண்டதை வாந்தியெடுக்கும் நோயால் இறந்துபோகிறாள். இறந்த இரவில் கேசி லியாவை 33 முறை தொலைபேசியில் அழைத்திருக்கிறாள், லியா எடுக்கவில்லை. இதைவிடக் கடுமையான எச்சரிக்கையை ஒரு நாவலாசிரியர் எழுத முடியாது. ஆனால் நான் அந்த 33ஐப் படிக்கவில்லை. உணவுப் பெயர்களின் பக்கத்தில் இருந்த கலோரிக் கணக்கைத்தான் படித்தேன். ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன். இத்தகைய நாவல்கள் நோயுற்ற பிள்ளைக்கு வழிகாட்டி நூலாகிவிடுமோ என்று மேலைநாடுகளில் விவாதம் நடந்ததைப் பின்னாளில்தான் அறிந்தேன். என்னைக் கேட்டிருந்தால் நான் சாட்சி சொல்லியிருப்பேன்.

இந்த நோய்க்கு ‘அனோரெக்சியா’ என்று பெயர். கிரேக்க மூலத்தில் ‘பசி இல்லாமை’ என்று பொருள். தமிழிலும் பசியின்மை என்றே எழுதுகிறோம். அனுபவித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பெயர் பொருந்தவில்லை. எனக்குப் பசி இருந்தது. சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும் வாசனை வகுப்பறை வரை வந்து என்னை வதைத்தது. பசியை வென்றுவிட்டேன் என்ற கர்வமே என் நோய். பசியைப் பிணி என்று சொன்ன மணிமேகலை நம்மிடம் இருக்கிறது. அவள் கையில் அமுதசுரபியும் இருக்கிறது. ஆனால் பசியோடு நின்றுகொண்டு, ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்பவளுக்கு என்ன செய்வது?

எங்கள் வீட்டில் சாப்பாட்டுப் பிரச்சினைக்குப் பேர்போனவன் என் தம்பிதான். அவனுக்கு ஆட்டிசம். சோறு தனி, பொரித்த முட்டை தனி, அப்பளம் தனி. ஒன்றின்மேல் ஒன்று பட்டால் தட்டையே தள்ளிவிடுவான். குழம்பு அவனுக்கு எதிரி. “செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே” என்று உறவினர்கள் அம்மாவைத்தான் குறை சொன்னார்கள். ஆக, ஒரே வீட்டில் சாப்பிடாத பிள்ளைகள் இருவர். ஒருவன் பிடிவாதக்காரன், ஒருத்தி பக்திமான். இரண்டுமே தவறு.

ஒருநாள் இரவு, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தம்பி தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: “அக்கா மூணு கரண்டி. நேத்து மூணு. முந்தாநாள் நாலு. திங்கக்கிழமை இல்லை.” தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனான். இரண்டு வாரக் கணக்கு அவனிடம் இருந்தது. அப்பா கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்; பிடித்த விரல்களை விடவே இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ‘காட்டிக்கொடுத்துவிட்டான்’ என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவன் காட்டிக்கொடுக்கவில்லை. கண்ணில் பட்டதை எண்ணினான், எண்ணியதைச் சொன்னான்.

அதன் பிறகு அரசாங்க மருந்தகம், அங்கிருந்து மருத்துவமனை, மனநல மருத்துவர், உணவியல் நிபுணர் என்று ஏறக்குறைய இரண்டாண்டுகள் கழிந்தன. குணமாவது என்பது நேர்க்கோடு அல்ல. எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்த மாதங்களில் மீண்டும் சறுக்கினேன், மீண்டும் எழுந்தேன்.

பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் மார்க் ஹேடனின் ‘தி கியூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்’ படித்தேன். 2003இல் வந்த நாவல். பதினைந்து வயது கிறிஸ்டபர் கதை சொல்கிறான். அத்தியாயங்களுக்குப் பகா எண்களையே இடுகிறான். தட்டில் உணவுகள் ஒன்றையொன்று தொட்டால் உண்ணமாட்டான். வரிசையாக நான்கு மஞ்சள் கார்களைப் பார்த்த நாளில் யாரோடும் பேசமாட்டான், மதிய உணவும் உண்ணமாட்டான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. விடுதி அறையில் அந்தப் பக்கங்களைப் படித்தபோது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை கண்முன் வந்தது.

இருந்தாலும் ஒரு மனக்குறை. கிறிஸ்டபர் கணிதத்தில் சூரன். இப்படிப்பட்ட கதைகளைப் படித்தவர்கள் என்னிடம், “உன் தம்பிக்கு என்ன திறமை?” என்று கேட்கிறார்கள். என் தம்பி மேதை அல்லன். கரண்டிகளை எண்ணத் தெரிந்தவன், அவ்வளவுதான். எனக்கு அது போதும். ஆட்டிசம் உள்ள எல் மெக்நிகோல் என்பவரே எழுதி 2020இல் வெளிவந்த ‘எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்’ நாவலில் இந்தக் குறை இல்லை. அதில் வரும் சிறுமி ஆடி, முற்காலத்தில் தன் ஊரில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட பெண்களுக்கு நினைவுச்சின்னம் கேட்டுப் போராடுகிறாள். அவளுக்கு ஆட்டிசம் இல்லாத ஓர் அக்காவும் உண்டு. தங்கையைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் அந்த அக்காவிடம் நான் என்னைக் கண்டேன்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, எடை பற்றிய அச்சத்தால் உண்ணாமல் இருப்பது வேறு, உணவின் மணமும் தன்மையும் ஒவ்வாமல் தவிர்ப்பது வேறு என்று இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. நான் என் உடலைக் கண்டு அஞ்சினேன். தம்பி குழம்பைக் கண்டு அஞ்சினான். ஆனால் எல்லாக் குடும்பங்களிலும் இப்படி இரண்டு பிள்ளைகளாகப் பிரிந்திருப்பதில்லை. ஆட்டிசம் உள்ள பெண்பிள்ளைகளே என்னைப் போல் பட்டினிக்குள் சிக்குவதும் உண்டு. அவர்களைப் பிடிவாதம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடக் கூடாது.

நான் பதினாறு வயதில் தமிழில் தேடியபோது என்னைப் போன்ற ஒருத்தி எந்தக் கதையிலும் தென்படவில்லை. நம்மில் எழுதத் தெரிந்தவர்கள் இளையோருக்காக இதை எழுத வேண்டும். அப்படி எழுதுவோருக்கு என் வேண்டுகோள் இரண்டு. கலோரிக் கணக்கையும் எடைக் கணக்கையும் கதையில் போடாதீர்கள். எங்கோ ஒருத்தி நோட்டில் எழுதிக்கொள்வாள். ஆட்டிசம் உள்ள பிள்ளையை மேதையாகவோ பாவமாகவோ ஆக்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் அவனுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

வார இறுதியில் வீட்டுக்குப் போனால் தம்பி இன்னமும் எண்ணுகிறான். போன வாரம் நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். “அக்கா ஒன்பது கரண்டி” என்றான். அம்மா ஒன்றும் சொல்லாமல் ரசத்தை என் பக்கம் நகர்த்தினார். அவனுடைய தட்டில் படாமல், கவனமாக.