சாந்து பூசிய விரிசல்

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே என்று உன் பாட்டி எழுதச் சொல்கிறாள்.

சூரிச் நகரில் சீல் நதியின்மேல் உள்ள ஸ்டௌபாகர் பாலத்தை அழகான கற்பாலம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அது கற்பாலமன்று, அப்பா. 1899-ல் முடிந்த அந்தப் பாலத்தின் சரீரம் கான்கிரீட். நகரத்தின் நடுவே கான்கிரீட்டை அப்படியே காட்டுவது அக்காலத்துப் பெரியவர்களுக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றியபடியால், மேலே கல்லால் ஒரு போர்வை போர்த்தி வைத்தார்கள். அதைத் திட்டமிட்ட ராபர்ட் மையார் என்பவர் 1872-ல் பெர்ன் நகரில் பிறந்து, நீ இப்போது படிக்கும் அதே கல்லூரியில் வில்ஹெல்ம் ரிட்டர் என்னும் ஆசிரியரிடம் பயின்று 1894-ல் வெளிவந்தவர். மராமத்து இலாகாவில் முப்பது வருஷத்துக்குமேல் உழைத்த நான், எங்கள் தொழிலில் யாரையாவது குருவாக மனத்தில் வைத்திருக்கிறேன் என்றால் அது அவரைத்தான்.

1901-ல், எங்கடீன் பள்ளத்தாக்கில் ஸுவோஸ் என்ற ஊருக்கருகே இன் நதியின்மேல் அவர் 38 மீட்டர் இடைவெளியைத் தாண்டும் ஒரு பாலம் அமைத்தார். பாரத்தைத் தாங்குவது கீழே உள்ள வளைவு ஒன்றுதான், அதன்மேல் எழும் பக்கச் சுவர்களும் பாதைத் தளமும் வளைவுக்குச் சுமையே என்று பொறியாளர்கள் எண்ணிவந்த நாளில், வளைவு, சுவர், தளம் ஆகிய மூன்றையும் கம்பி கட்டி ஒன்றாக இணைத்து, உள்ளே கூடாக உள்ள ஒரு பெட்டியைப் போல அவை சேர்ந்தே பாரத்தைச் சுமக்கும்படி செய்தார். சுமையாக இருந்ததையே தோள்கொடுக்க வைத்த யுக்தி அது.

இரண்டு வருஷம் கழித்து, 1903-ல், அந்தப் பாலத்தின் பக்கச் சுவர்களில், கரையை ஒட்டிய இடங்களில் விரிசல் கண்டது. பாலத்துக்கு அதனால் அபாயமில்லை. ஆயினும் மையார் அந்த விரிசலைக் குறையாகக் கருதி வருந்துவதோடு நில்லாமல், அது என்ன சொல்ல வருகிறது என்று ஆராய்ந்தார். கரையோரத்தில் வளைவு கீழே இறங்கிவிட, தளம் மேலேயே நின்றுவிடுவதால், இடையே சுவர் மிக உயரமாகிறது. அங்கே அந்தச் சுவர் செய்கிற வேலையோ சொற்பம். வேலையில்லாத இடத்தில் சுவர் எதற்கு? 1905-ல் ரைன் நதியின்மேல் தவனாசாவில் 51 மீட்டர் இடைவெளியைத் தாண்டக் கட்டிய பாலத்தில் அந்த முக்கோணத் துண்டுகளை அடியோடு நீக்கிவிட்டார். அதன் பயனாக, இரு கரைகளிலும் உச்சியிலும் உள்ள மூன்று கீல்களின் பக்கம் ஒடுங்கி, அவற்றிற்கு இடைப்பட்ட பாகத்தில் மட்டும் பருத்து, பிறைக்கீற்றைப் போன்ற ஒரு வடிவம் பிறந்தது. அழகை நாடி அவர் அதை வரையவில்லை; விரிசல் காட்டிய வழியே போனார், அழகு தானாக வந்து சேர்ந்தது.

பின்பு அவர் பட்ட கஷ்டங்கள் கொஞ்சமல்ல. 1912-ல் குடும்பத்தோடு ருஷ்யாவுக்குப் போய்ப் பெரிய தொழிற்சாலைகளைக் கட்டி வந்தவர், யுத்தத்தில் சிக்கி, 1916-ல் மனைவியை இழந்து, புரட்சியில் சொத்தையும் பறிகொடுத்து, மூன்று குழந்தைகளோடும் கடனோடும் ஊர் திரும்பினார். தவனாசாப் பாலத்தையும் 1927-ல் மலைச்சரிவு அடித்துக்கொண்டு போயிற்று.

அதற்கடுத்த வருஷம், ஷீர்ஸ் ஊரிலிருந்து ஷூடெர்ஸ் என்னும் மலைக்கிராமத்துக்குப் போகும் வழியில் சால்கினா ஓடையின் கிடுகிடு பள்ளத்தைத் தாண்ட ஒரு பாலம் வேண்டியிருந்தது. போட்டியில் வந்த திட்டங்களில் மிகக் குறைந்த செலவுடையது மையாருடையதாக இருந்தது. தாண்ட வேண்டிய இடைவெளி 90 மீட்டர். ரிச்சர்ட் கோரை என்பவர் பள்ளத்தின் குறுக்கே கட்டிய மரச்சாரத்தைப் புகைப்படத்தில் பார்த்தால், இத்தனை மெல்லிய மரங்களா இதைத் தாங்கின என்று நமக்கு மூச்சு நின்றுவிடும். சூட்சுமம் இதுதான்: முதலில் வளைவின் மெல்லிய அடித்தகட்டை மட்டும் வார்த்தார்கள், அது இறுகியபின், மேலே வரும் சுவரையும் தளத்தையும் தாங்கும் பொறுப்பில் அதுவே சாரத்துக்குத் துணை நின்றது. ஆகவே சாரத்தை முழுப் பாலத்தின் எடைக்கும் கட்ட வேண்டியிராமல் போயிற்று. 1930-ல் முடிந்த அந்தப் பாலத்துக்குக் கல் போர்வை எதுவுமில்லை. உள்ளே இருப்பதுதான் வெளியே தெரிகிறது. பத்து வருஷம் கழித்து, 1940-ல், மையார் ஜெனீவாவில் காலமானார்.

இத்தனையும் உனக்கு எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில், வாய்க்கால் மதகு ஒன்றின் பக்கச் சுவரில் மயிரிழை போன்ற விரிசலைக் கண்டு மேலதிகாரியிடம் ஓடினேன். கணக்கு முடிக்கும் மாதம் அது. "சாந்து பூசி வெள்ளையடித்துவிடு" என்றார். பூசினேன். அடுத்த கோடையில் பூச்சின்மேலேயே, அதே இடத்தில், அதே நெளிவோடு அந்த விரிசல் மறுபடி வந்து நின்றது. மறுபடியும் பூசினேன்.

விடுமுறையில் ஷீர்ஸுக்குப் போய் அந்தப் பாலத்தைப் பார். சாலையில் நின்று பார்த்தால் போதாது, பாதை வழியே கீழே இறங்கி அண்ணாந்து பார். நானும் போன ஆடிப்பெருக்கன்று என் மதகைப் போய்ப் பார்த்தேன். பூச்செல்லாம் உதிர்ந்துவிட்டது; விரிசல் மட்டும் இருக்கிறது. அது ஏன் வந்தது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. படிக்க வேண்டிய நாளில் பூசிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தாத்தா