கார் வரைக்கும்

எட்மண்ட் தபால் நிலையத்துக்கு நான் போனது தபால்தலை வாங்க. ஓக்லஹாமா சிட்டிக்கு வடக்கே, அதோடு ஒட்டிக் கிடக்கிற ஊர் எட்மண்ட். அக்கா பையன் அங்கே வீடு வாங்கியிருந்தான். 2017 அக்டோபரில் ஒரு மாதம் அவனோடு இருந்தேன். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற இருநூறு பேரில் நாலு பேருக்காவது அங்கிருந்து கார்டு போட வேண்டும் என்று ஒரு ஆசை. தபால் நிலையத்தின் முன்னால் ஒரு நினைவுச் சின்னம். உள்ளே நுழைகிற இடத்தில், துப்பாக்கி கொண்டுவருவது குற்றம் என்று ஓர் அறிவிப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றாமல் தபால்தலைகளை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அக்கா பையன்தான் சொன்னான்.

1986 ஆகஸ்ட் 20 காலையில், அங்கே வேலை பார்த்த ஒரு தபால்காரர் துப்பாக்கிகளைத் தபால் பையில் வைத்துக் கொண்டுவந்து, கூட வேலை பார்த்த பதினாலு பேரைக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். மேலதிகாரிகள் முந்தின நாள் அவரைக் கண்டித்தார்கள் என்று சொல்கிறார்கள். தடை அன்றைக்கும் இருந்தது. தடையால் என்ன கிழிந்தது என்று கேட்கிறவர்களும், ஒரு பையில் வந்ததே இப்படியென்றால் எல்லோர் பையிலும் வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களும் அந்த ஒரே காலையைத்தான் காட்டுகிறார்கள். ஒரே சம்பவம் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்கிறபோது எனக்கு அந்தச் சம்பவத்தின் மீதல்ல, விவாதத்தின் மீதுதான் சந்தேகம் வருகிறது.

இதே மாநிலத்தில் வேலியண்ட் என்கிற ஊர்க் காகித ஆலையில் 2002இல் வேறு மாதிரி ஒன்று நடந்தது. போதைப்பொருள் தேடுவதற்காக நிர்வாகம் மோப்ப நாய்களை வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுவந்தது. தொழிலாளர்களின் வண்டிகளில் துப்பாக்கிகள் அகப்பட்டன. பெரும்பாலும் வேட்டைக்குப் போகிறவர்கள். யாரையும் மிரட்டியதாகப் புகார் இல்லை. வேலை போயிற்று. மாநில சட்டசபை கோபப்பட்டு, பூட்டிய வண்டிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை முதலாளி தடுக்கக்கூடாது என்று 2004இல் சட்டம் செய்தது. பெரிய கம்பெனிகள் வழக்குப் போட்டன. தொழிலிடப் பாதுகாப்பு பற்றிய மத்தியச் சட்டத்துக்கு இது முரண் என்று 2007இல் ஒரு நீதிபதி தடை விதித்தார். 2009இல் மேல்கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதே மேல்கோர்ட், கொலராடோவிலிருந்து வந்த வேறொரு வழக்கில், தபால் நிலையத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் துப்பாக்கியைத் தடுப்பது செல்லும் என்று 2015இல் சொன்னது. 2024 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் ஒரு நீதிபதி, வேலைக்குத் துப்பாக்கியோடு வந்த தபால் ஊழியர் மீதிருந்த அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். எங்கே கோடு போடுவது என்று அவர்களுக்கே நிச்சயமில்லை.

நாய் விட்டு வண்டியை மோந்து பார்த்து ஒருவனுடைய சோற்றைப் பிடுங்கிய நிர்வாகத்தின் பக்கம் நிற்க எனக்கு மனம் வரவில்லை. முப்பத்துநாலு வருஷம் தொழிற்சங்க ரசீது கிழித்த கை இது. அக்கா பையன் இன்னொன்றும் சொன்னான். அவன் ஃபாக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து நாற்பது மைல் இருட்டில் தனியாக ஓட்டிக்கொண்டு போகிற பெண் ஒருத்தி இருக்கிறாளாம். வண்டியில் வைக்கக்கூடாது என்றால் அந்த நாற்பது மைலுக்கும் சேர்த்துத்தானே தடை, மாமா? பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அவன் சூபர்வைசர். ஆளை நிறுத்துகிற கடிதத்தை அவன்தான் கொடுக்க வேண்டும். முறையை விவரித்தான். தனி அறைக்குக் கூப்பிடுவது, கடிதம், அடையாள அட்டையை வாங்கிக்கொள்வது, சாமான்களைப் போட்டுக்கொள்ள ஒரு அட்டைப்பெட்டி. பிறகு பாதுகாப்பு ஆள் ஒருவரும் இவனும் கூடவே நடந்து காரில் ஏற்றிவிட்டு வர வேண்டும். அவமானப்பட்டவனை, அவமானம் ஆறுவதற்குள், அவனுடைய துப்பாக்கி இருக்கிற இடம் வரை மரியாதையாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஹவில்தார் ஞாபகம் வந்தார்.

1978. வங்கிக் கிளையில் நான் குமாஸ்தா. எங்கள் வங்கியில் அப்போது மானேஜரை ஏஜெண்ட் என்பார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வாசலில் ஸ்டூல் போட்டுக் காவல். டபுள் பேரல் துப்பாக்கி, தோட்டா பெல்ட், காக்கி. அந்தக் கிளையில் அந்தத் துப்பாக்கியைப் போல ஸாதுவான வஸ்து வேறில்லை. காலையில் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டு எடுப்பார், தோட்டாக்களை எண்ணுவார், சாயங்காலம் எண்ணித் திருப்பி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். மாதம் ஒரு தரம் குச்சியில் துணி சுற்றி எண்ணெய் விட்டுக் குழாயைத் துடைப்பார். அது அவருடையதல்ல, வங்கியுடையது. குடை ஸ்டாண்டைப் பார்க்கிற மாதிரித்தான் நாங்கள் அதைப் பார்த்தோம்.

அதன் எதிரேதான் நாங்கள் ஏஜெண்டோடு சண்டை போட்டோம். மேஜையைக் குத்தினோம். லெட்ஜரைத் தூக்கிப் போட்டோம். எங்கள் கையில் இருந்தது வவுச்சர் கோக்கிற குத்தூசி, மிஞ்சினால் பேப்பர்வெயிட். அந்த எல்லை தெரிந்ததால்தான் அவ்வளவு கத்த முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஹவில்தாரின் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். லீவு கேட்டு இரண்டு தரம் எழுதிக் கொடுத்தும் மாற்று ஆள் இல்லை என்று பதில். மூன்றாவது தரம் நேரில் போய் நின்றார். நடுப்பகல், கௌண்டரில் கூட்டம். ஏஜெண்ட் நிமிராமலே, "ஸ்டூல்ல உக்காந்து தூங்கறதுக்கு லீவு வேறயா ஓய்?" என்றார்.

ஹவில்தார் ஒன்றும் சொல்லவில்லை. தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கினார். நெம்புகோலை விரல் தள்ளியது. துப்பாக்கி இரண்டாக மடிந்தது. உள்ளே இருந்த இரண்டு தோட்டாக்களை எடுத்து ஏஜெண்டின் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். "லீவு வேணுங்க ஐயா" என்றார். அவருக்குத் தெரிந்த மட்டும் அது பணிவு. ஆயுதத்தைக் காலி செய்துவிட்டுப் பேசுகிறார். ஆனால் அதுவரை காலியாக இல்லை என்பதை அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். ஏஜெண்ட் கையெழுத்துப் போட்டார்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. தோளிலிருந்து துப்பாக்கி இறங்கியதற்கும் அது மடிந்ததற்கும் நடுவே இரண்டு மூன்று விநாடி இருக்கும். சுடட்டும் என்று நான் நினைத்தேன். ஒரு மெமோவுக்காக எனக்கு இன்கிரிமெண்ட் நின்றுபோயிருந்தது. எனக்கு வயசு இருபத்தேழு. ஹவில்தாரின் மனைவியை நான் நினைக்கவில்லை, நினைத்ததாக இன்றைக்குச் சொன்னால் பொய். மார்க்ஸும் படித்து, கவிதையும் எழுதிக்கொண்டு, அஹிம்சை பற்றி டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசினவன். மேஜைக்கு அடியில் என் கையிலிருந்த குத்தூசி உள்ளங்கையில் பதிந்து இருந்ததைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன்.

மனைவி பிழைத்தாள். ஹவில்தார் திரும்பி வந்தார். ஏஜெண்ட் அவரை "வாங்க, போங்க" என்றார். நியாயமாகப் பார்த்தால் எங்கள் சங்கம் பத்து வருஷத்தில் வாங்கித் தராத மரியாதை. ஆனால் யாரும் அவரைக் கேலி செய்வதில்லை. அவர் முன்னால் யாரும் உரக்கப் பேசுவதில்லை. டீ கொண்டுவருகிற பையன் டம்ளரை ஸ்டூல் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடிப்போவான். ஏஜெண்டோடு நாங்கள் போடுகிற சண்டையும் எப்படியோ தணிந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் தோட்டாக்களை எண்ணிக்கொண்டே கேட்டார்: "தம்பி, இவங்கெல்லாம் என்னைப் பாத்துப் பயப்படறாங்களா?"

இல்லை என்றேன்.

தன்னைப் பியூனாகப் போட்டுவிடும்படி மேலிடத்துக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின திங்கட்கிழமை, கடைக்குப் போகலாம் என்று அக்கா பையன் என்னையும் ஃபாக்டரிக்கு அழைத்துப் போனான். அரை மணி நேர வேலை இருக்கிறது, காரிலேயே இருங்கள் என்றான். என்ன வேலை என்று சொல்லவில்லை. நான் வரிசையாக நிற்கிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் பிக்-அப் வண்டிகள். எல்லாம் கழுவித் துடைத்து சுத்தமாக இருந்தன. நாய் இருந்தால் கண்டுபிடித்திருக்கும்.

மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்தவன் கையில் அட்டைப்பெட்டி. ஐம்பது வயசிருக்கும், தொப்பி. பெட்டிக்கு மேலே ஒரு பூந்தொட்டி எட்டிப் பார்த்தது. பின் வரிசையில் ஒரு பிக்-அப் பக்கத்தில் நின்றார்கள். அவன் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தான். எதற்கோ வெகுநேரம் குனிந்திருந்தான். அக்கா பையன் நகராமல் நின்றான். நான் காரிலிருந்து இறங்கிவிட்டேன். இறங்கி என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது.

அவன் நிமிர்ந்து, பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்து, தொட்டி சாயாமல் பக்கத்தில் ஏதோ துணியை அண்டக் கொடுத்தான். கை குலுக்கினான். போனான்.

"நீங்க ஏன் மாமா இறங்கினீங்க?" என்றான் அக்கா பையன்.

கால் மரத்துப்போச்சு என்றேன்.