வாசகர் வட்டத்தில் ஒரு மாலை

செங்கற்பட்டில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் வழியில் ஒரு பொது நூலகம் உண்டு. செய்தித்தாள் புரட்டுவதற்கான இடம் என்பதற்கு மேல் அதனைப் பற்றி நாம் எண்ணியதில்லை. மாதம் ஒரு ஞாயிறு மாலையில் அங்கே வாசகர் வட்டம் கூடும், நூலாய்வு நடைபெறும், சில மாதங்களில் பாட்டும் கதை சொல்லலும் உண்டு, அனுமதி இலவசம். இவையெல்லாம் வாயிற்பலகையில் எழுதப்பட்டிருந்தும், அந்த அழைப்பு நமக்கும் உரியதென்று தோன்றவில்லை.

சென்ற ஆண்டு ஒருநாள், அஞ்சல் துறையில் ஓய்வு பெற்ற அண்டை வீட்டார் நம்மை வழிமறித்தார். "பாய், இந்த மாதம் தோப்பில் முஹம்மது மீரானின் நாவல். நீங்கள் வராவிட்டால் எப்படி?" என்றார். மறுக்க இயலவில்லை, சென்றோம்.

நாற்பது பேர் கூடியிருந்த அவையில் நம் சமுதாயத்தவர் இருவரே: நாமும், ஒரு கல்லூரி மாணவரும். எடுத்துக்கொண்ட நூல், 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரையில் செல்வாக்கு மிக்க ஒரு முதலாளி, ஊருக்கு ஆங்கிலப் பள்ளி வருவதை எதிர்த்து நிற்கும் கதை. ஆய்வுரை முடிந்ததும் மாமல்லபுரத்துப் பக்கமிருந்து வந்திருந்த மீனவர் ஒருவர் எழுந்தார். "இந்த முதலாளியை எனக்குத் தெரியும். எங்கள் குப்பத்திலும் ஒருவர் இருந்தார். பெயர்தான் வேறு" என்றார். அவை சிரித்தது, அவர் சிரிக்கவில்லை.

அடுத்து ஓர் அம்மையார், "கதையில் வரும் தங்ஙள் என்பவர் யார்?" என்று வினவினார். அத்தனை கண்களும் நம் பக்கம் திரும்பின. நாமோ நூலைப் படித்திருக்கவில்லை. நாம் தடுமாறுவதைக் கண்டு, நாகர்கோவிலைச் சேர்ந்த கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர், மலபார் வழக்கில் நபிகளாரின் வழித்தோன்றல்களாக மதிக்கப்படுவோரைக் குறிக்கும் சொல் அது என்று விளக்கி நம்மைக் காப்பாற்றினார்.

நம் நாணத்திற்குக் காரணம் அது மட்டுமன்று. 1988இல் நூலாக வருமுன் அந்நாவல் தொடராக வந்தது 'முஸ்லிம் முரசு' இதழில். வந்த இதழ்களைப் பிரித்தும் பாராமல் கட்டிப் பரணில் ஏற்றிய வீடுகளுள் நம் வீடும் ஒன்று.

நம் குறைகளைப் பிறர்முன் விரிக்கும் நூல் என்று இதனைக் கடிந்த பெரியவர்களை நாம் அறிவோம். அன்றைய அவையில் எவரும் நம் மார்க்கத்தைக் குறை கூறவில்லை. செல்வத்தின் கொடுமையை அவரவர் ஊரில் கண்டவாறு பேசினர். அஞ்சியது நாம்தான், அதுவும் படிக்காமலே!

இலவசம் என்றதும் பிறர் தரும் கொடை என்று எண்ணித் தயங்குவோரும் நம்மிடையே உளர். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் வழியாக நூலக வரி ஏற்பட்டது. இன்று நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு அதற்கெனச் சேர்கிறது. ஆகவே அங்கிருந்த நாற்காலியின் விலையில் நம் காசும் உண்டு. ஜும்ஆ நாளைச் சாக்காகச் சொல்லவும் வழியில்லை. கிளை நூலகங்களின் வார விடுமுறையே வெள்ளிக்கிழமைதான்.

கூடியிருந்து நூல் கேட்பது நமக்குப் புதிதுமன்று. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஒருவர் படிக்க, மற்றொருவர் பொருள் சொல்ல, ஊரே அமர்ந்து கேட்ட இரவுகள் இருந்தன. அந்நூலுக்கு உரை கண்ட செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்தியபோது, அவர் புலமையைக் கண்டு வியந்தோர் முஸ்லிம்கள் மட்டுமல்லர். அந்த அவைகளில் நிமிர்ந்து அமர்ந்தவர்களின் பேரர்கள் நாம், நூலக வாயிலில் தயங்கி நின்றோம்.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு இல்லத்தாரையும் மகளையும் அழைத்துச் சென்றோம். பின்வரிசையில் அமர்ந்து ஒரு சொல்லும் பேசாதிருந்த இல்லத்தார், திரும்பும்போது உறுப்பினர் அட்டை பெற்று அந்த நாவலைக் கையோடு எடுத்து வந்தார். திருப்பித் தரவேண்டிய நாள் கடந்துவிட்டது. நினைவூட்டினால், "இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது, அபராதம் நான் கட்டிக்கொள்கிறேன்" என்கிறார்.