கூடுவாஞ்சேரி வரைக்கும்

பிப்ரவரி 9
விடியற்காலையிலிருந்து அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. எத்தனை தடவை என்று நோட்டில் குறிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். "பொண்ணுகிட்ட இதையெல்லாமா சொல்லுவாங்க?" என்கிறார். கதவுச் சத்தத்தைக் கேட்டு நானே கோடு போடுகிறேன்.

பிப்ரவரி 10
லோபெரமைடு. அரிசிக்கஞ்சி. உப்புச் சர்க்கரைக் கரைசல். பால் ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 13
அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள். செங்கல்பட்டு மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. இத்தனை வருஷம் அதில் போய்வந்தும் இது எனக்கு உறைத்ததில்லை. அப்பா முந்தின இரவே பட்டினி. சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தார். மறைமலை நகரில் கண்ணை மூடிக்கொண்டார். கூடுவாஞ்சேரியில் இறங்கிவிட்டோம். அங்கே பட்டதை எழுதப் போவதில்லை. அடுத்த வண்டியில் யாரும் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

இந்த வயிற்றுப்போக்கு, இரினோடெகான் என்ற புற்றுநோய் மருந்து செய்யும் வேலை என்றார் டாக்டர். கல்லீரல் அதோடு ஒருவகைச் சர்க்கரையைக் கோத்து, வீரியத்தை அடக்கிப் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. குடல் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை வேண்டும், பிய்த்து எடுத்துக்கொள்கிறது. மருந்து மறுபடி விழித்துக் குடல் சுவரை அரிக்கிறது. பாக்டீரியாவின் அந்த நொதியை மட்டும் தடுத்து, எலிகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவதை 2010இல் அமெரிக்காவில் காட்டியிருக்கிறார்கள். கொடுத்துவைத்த எலிகள்.

பிப்ரவரி 14
தூங்கினோம்.

பிப்ரவரி 17
தேவனேரியிலிருந்து பெரியம்மா வந்தார். மண்சட்டியில் பழைய சோறு, மேலே சின்ன வெங்காயம். "வயித்துக்கு இதைவிட மருந்து ஏதுடி?" அவர் சொல்வது தப்பில்லை. ஸ்டான்லி மருத்துவமனையிலேயே பழைய சோற்றை ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கிறார்கள். ஆனால் காலையில் வந்த ரத்தப் பரிசோதனையில், கிருமியைத் தடுக்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 700தான். குடல் சுவர் புண்ணாகி, காவலும் இல்லாத நேரத்தில் நல்ல கிருமிகூட ரத்தத்துக்குள் போய்விடலாம். எண்ணிக்கை ஏறும்வரை பழைய சோறும் வேண்டாம், புரோபயாடிக் மாத்திரையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சட்டியை வாங்கி உள்ளே வைத்தேன். அப்பா வாசனை பிடித்துவிட்டார். "ஒரு வாய்" என்றார். மாட்டேன் என்றேன். பெரியம்மா காபிகூடக் குடிக்காமல் மகாபலிபுரம் பஸ் ஏறிவிட்டார். அந்தச் சோற்றை நான்தான் தின்றேன், அடுப்படியில் நின்றபடி. நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 20
இரவு காய்ச்சல் 100.2. 100.4 தொட்டால் எந்த நேரமானாலும் கிளம்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோக்காரத் தம்பியிடம் சொல்லிவைத்தேன். மூன்று மணிக்கு இறங்கியது.

பிப்ரவரி 26
நியூட்ரோஃபில் 2,100. அடுத்த சுற்றில் மருந்தின் அளவைக் குறைக்கிறார்களாம். இட்லி இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நோட்டில் இன்றைய கோடுகள் அப்பாவின் கையெழுத்தில் இருக்கின்றன. பக்கத்தில் நேரமும் போட்டிருக்கிறார்.

பிப்ரவரி 28
பெரியம்மாவுக்கு அப்பாவே போன் போட்டுப் பேசியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சட்டியோடு வருகிறாராம். டாக்டரிடம் நான் இன்னும் கேட்கவில்லை.