முதல் விமானம்

வானத்தில் விமான இரைச்சல் கேட்டால், செய்கிற காரியத்தைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்காத குழந்தை உலகில் இல்லை. பெரியவர்களும் பார்க்கத்தான் பார்க்கிறார்கள். யாராவது கவனிக்கிறார்களோ என்று ஒரு முறை சுற்றிலும் நோக்கிவிட்டுப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகையால், தரையில் நின்றபடியே ரேடியோ அலைகளைக் கொண்டு சிறு விமானம் ஓட்டும் வித்தை இரு சாராரையும் மயக்கியதில் ஆச்சரியமில்லை.

1937-ம் ஆண்டில் அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் இத்தகைய விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். 'கஃப்' என்னும் அந்த விமானம் இன்றைக்கும் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையின் சேகரிப்பில் இருக்கிறது. அக்காலத்தில் எல்லாவற்றையும் தாமே செய்துகொள்ள வேண்டும். இப்போதோ கடையில் சகலமும் கிடைக்கிறது. எதை வாங்குவது என்பதுதான் சங்கடம்.

நம் சகோதரியின் புதல்வன் பண்டிகைக்குப் பண்டிகை கிடைத்த காசை மூன்று வருஷம் சேர்த்து வைத்திருந்தான். அவன் மனம் நாடியது 'ஸ்பிட்பயர்' மாதிரி ஒன்றை. அவனுடைய தகப்பனாரோ, "முதல் நாளே உடைந்தால் அப்புறம் இந்தப் பேச்சே இந்த வீட்டில் கூடாது" என்று நிபந்தனை போட்டுவிட்டார். இந்நிலையில்தான் நம்மிடம் யோசனை கேட்க வந்தான்.

நாம் காட்டிய விமானத்தைப் பார்த்ததும் பையன் முகம் வாடிற்று. "இது கொக்கு மாதிரி இருக்கிறதே, மாமா!" என்றான்.

கொக்குதான். ஆனால் காரணம் உண்டு. இறக்கை உடலின் மேலே இருப்பதால் பாரம் கீழே தொங்குகிறது. இறக்கையின் இரு நுனிகளும் சற்று உயர்ந்திருப்பதால், ஒரு பக்கம் சாய்ந்தாலும் விமானம் தானே நிமிரப் பார்க்கிறது. மெதுவாகவும் பறக்கும். யுத்த விமானமோ சட்டென்று திரும்புவதற்கென்றே பிறந்தது. வேகம் குறைந்தால் ஒரு பக்க இறக்கை திடீரென்று தாழ்ந்து, யோசிப்பதற்குள் மண்ணைக் கவ்விவிடும்.

உடல் பால்ஸா மரமானால் அழகு; ஆனால் விழுந்தால் சுள்ளி. கெட்டியான நுரைப் பொருளில் செய்தது நசுங்கினாலும் பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம். இறக்கையின் அகலம் ஒரு மீட்டருக்குக் குறையாதிருப்பது நலம். மிகச் சிறியதைக் காற்று பந்தாடும், கண்ணுக்கும் தெரியாது. கைப்பிடியை விட்டதும் விமானத்தைத் தானே சமநிலைக்குக் கொண்டுவரும் கருவியும் இப்போது சிலவற்றில் உண்டு. மின்கலத்தை மட்டும் ஆளில்லாத இடத்தில் சார்ஜ் செய்யலாகாது. லித்தியம் தீப்பற்றக் கூடியது.

இன்னொரு விசித்திரம். விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது இடது இடதுதான். நம்மை நோக்கி வரும்போதோ இடது வலதாகிவிடும்! அப்போது எந்தப் பக்கத்து இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ள வேண்டும். இதைக் கம்ப்யூட்டர்ப் பயிற்சியில் நூறு தடவை பழகிய பிறகே பையனை மைதானத்துக்கு அழைத்துச் சென்றோம்.

காற்று எழாத விடியற்காலை. விமான நிலையத்துக்கு வெகு தூரமான, ஆள் நடமாட்டமற்ற பொட்டல். காற்று வரும் திசையை நோக்கி எறிந்தோம். கொக்கு மூன்று தடவை பறந்தது; மூன்று தடவையும் மூக்குக் குத்தி விழுந்தது. பையன் கண்ணில் நீர் ததும்பியது. தகப்பனார் விமானத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நசுங்கியிருக்கிறது, உடையவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பசைப் புட்டியைத் தாமே திறந்தார்.

நான்காம் முறை அது தலைக்குமேல் இரண்டு வட்டம் சுற்றிப் புல்லில் வந்து இறங்கிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பையனுக்கு முறை கிடைப்பது அரிதாகிவிட்டது என்று கேள்வி. ஸ்பிட்பயரைப் பற்றிப் பேச்சு வருகிறதாம், பேசுகிறவர் தகப்பனார்.