வராத குழந்தைக்கும் கட்டணம்

மெல்பர்ன், ஆஸ்திரேலியா



கோவிட் காலத்தைப் பற்றி எழுத வேண்டியதெல்லாம் எழுதியாகிவிட்டது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். மருத்துவமனைகள், தடுப்பூசி, எல்லை மூடல் என ஒவ்வொன்றுக்கும் விசாரணையும் அறிக்கையும் வந்துவிட்டன. ஆனால் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளை வைத்திருந்த குடும்பங்கள் 2020 மார்ச் முதல் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகச் சுமந்த ஒரு கேள்விக்கு இன்றுவரை முழுமையான விடை இல்லை. பிள்ளையை சைல்ட்கேர் எனப்படும் குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்புவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா? வீட்டில் வைத்துக்கொண்டால் கட்டணத்தைத் தொடர்ந்து கட்டுவதா, கிடைத்த இடத்தை விட்டுவிடுவதா? விட்டுவிட்டால் வேலைக்குத் திரும்பும் நாளில் மறுபடி இடம் கிடைக்குமா? இந்தத் தவிப்பையெல்லாம் கிருமியின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காப்பகங்களுக்குப் பணம் போய்ச் சேரும் வழியிலேயே அந்தத் தவிப்பின் வேர் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதுபோல் காப்பகத்துக்கும் அரசு நேரடியாக நிதி கொடுக்காதவரை, அடுத்த தொற்றின்போதும் பெற்றோர் இதே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். இந்த மடலில் அதற்கான காரணங்களைச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் இங்குள்ள ஏற்பாடு. தமிழ்நாட்டு அங்கன்வாடியில் பணியாளரின் ஊதியம் அரசிடமிருந்து வருகிறது. ஒரு குழந்தை நாலு நாள் வராவிட்டால் அந்த ஊதியம் குறைவதில்லை, தாயின் கைக்குக் கட்டணச் சீட்டும் வருவதில்லை. ஆஸ்திரேலியாவில் காப்பகம் நாள் கணக்கில் கட்டணம் வாங்கும் இடம். மெல்பர்ன், சிட்னி போன்ற நகரங்களில் ஒரு நாளைக்கு 100 டாலருக்கு மேல் ஆகும். 2018 ஜூலையில் வந்த சைல்ட்கேர் மானியம் இதில் ஒரு பங்கை ஏற்கிறது. குடும்பத்தின் வருமானம், பெற்றோர் வேலை பார்க்கும் நேரம், மணிக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு ஆகிய மூன்றையும் வைத்து அந்தப் பங்கு முடிவாகும். தொற்று வந்தபோது மிகக் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அது 85 சதவீதம். வருமானம் ஏற ஏறக் குறையும். மானியத்தை அரசு நேரே காப்பகத்துக்குச் செலுத்திவிடும், மீதியைப் பெற்றோர் கட்ட வேண்டும். அந்த மீதியை வசூலிக்கக் காப்பகம் உரிய முயற்சி எடுக்க வேண்டும் என்பது சட்டம். வருடத்துக்கு 42 நாள் வரை பிள்ளை வராவிட்டாலும் மானியம் உண்டு. அந்த நாட்களுக்கும் பெற்றோரின் பங்கு உண்டு. வருட வருமானத்தை முன்கூட்டியே பெற்றோர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மதிப்பீடு குறைவாக இருந்தால் பின்னால் கடனாக வந்து நிற்கும்.

காப்பகத்தின் செலவோ பிள்ளைகளின் வருகையோடு ஏறி இறங்குவதில்லை. விக்டோரியா மாநிலத்தில் மூன்று வயதுக்குக் கீழே நான்கு குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் இருந்தே ஆக வேண்டும். ஒரு குழந்தை வராததால் பணியாளரில் கால்வாசியை வீட்டுக்கு அனுப்ப முடியாது. கட்டட வாடகையும் அப்படியேதான் இருக்கும். ஆக, செலவு நிலையாகவும் வரவு குழந்தைக் கணக்கிலும் இருக்கும் ஒரு நிறுவனம் இது. எல்லாம் சீராக நடக்கும் காலத்தில் இந்த முரண் வெளியே தெரியாது. ஒரே வாரத்தில் எல்லோரும் பிள்ளைகளை நிறுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் விடை எழுதப்படவே இல்லை.

அந்த வாரம் 2020 மார்ச்சில் வந்தது. மார்ச் 23 அன்று நாடெங்கும் மதுவிடுதிகளும் உடற்பயிற்சிக் கூடங்களும் மூடப்பட்டன, உணவகங்களில் அமர்ந்து சாப்பிடுவது நின்றது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். காப்பகங்கள் மட்டும் திறந்திருக்கும் என்று அரசு சொன்னது. சுகாதாரத் துறையின் அறிவுரையால் மூடிய காப்பகம் பெற்றோரின் பங்கைத் தள்ளுபடி செய்யலாம் என்று வழிவிட்டார்கள். திறந்திருக்கும் காப்பகத்துக்குப் பயந்து பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் கட்டியாக வேண்டும். கட்ட வழியில்லாமல் இடத்தை விட்டவருக்கு இன்னொரு சிக்கல் காத்திருந்தது. இடத்தை விடுவதற்கான முன்னறிவிப்புக் காலத்தில் பிள்ளை வராவிட்டால், அது கடைசியாக வந்த நாளுக்குப் பிறகான நாட்களுக்கு மானியம் கிடையாது என்பது அன்றைய விதி. அதாவது வேலை போன குடும்பம், அனுப்பாத பிள்ளைக்கு, மானியமே இல்லாத முழுக் கட்டணத்தைக் கட்ட வேண்டிய நிலை. இந்த விதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே முறைகேட்டைத் தடுக்க எழுதப்பட்டவை. நெருக்கடியில் எல்லாம் சேர்ந்து பாரத்தைப் பெற்றோரின் தலையில் இறக்கின.

பத்து நாளில் அரசே இந்த ஏற்பாட்டைத் தூக்கி ஓரமாக வைத்தது. ஏப்ரல் 2 அன்று பிரதமர் ஸ்காட் மோரிசனும் கல்வி அமைச்சர் டான் டீஹனும் இலவச சைல்ட்கேரை அறிவித்தார்கள்; ஏப்ரல் 6 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பெற்றோரிடம் ஒரு டாலரும் வாங்கக் கூடாது. அதற்குப் பதில், மார்ச் 2-க்கு முந்தைய இரண்டு வாரங்களின் கட்டண வரவில் பாதியை அரசு தரும். ஊழியர் சம்பளத்துக்கு ஜாப்கீப்பர் என்ற அரசின் தொற்றுக்கால உதவித்தொகை கைகொடுக்கும். மே மாதத்தில் 99 சதவீதக் காப்பகங்கள் இயங்கிக்கொண்டிருந்தன என்று கல்வித் துறை சொன்னது. இந்த மாற்றத்தின் அளவை நாட்டின் விலைவாசிக் குறியீட்டிலேயே பார்க்கலாம். அந்த ஜூன் காலாண்டில் சைல்ட்கேர் செலவு 95 சதவீதம் விழுந்தது. அதுவே முக்கியக் காரணமாக ஒட்டுமொத்த விலைவாசி 1.9 சதவீதம் இறங்கியது. 72 ஆண்டுகளில் அதுதான் மிகப் பெரிய காலாண்டுச் சரிவு. கட்டணம் திரும்பி வந்த அடுத்த காலாண்டில் விலைவாசி 1.6 சதவீதம் ஏறியது. ஒரு நாட்டின் குறியீட்டையே இழுத்துக் கீழே இறக்கும் அளவுக்கு இளம் குடும்பங்கள் ஒவ்வொரு மாதமும் செலுத்திவந்திருக்கின்றன என்பதே அந்தப் புள்ளிவிவரத்தின் பொருள்.

"அந்தச் சோதனைதான் தோற்றுப்போனதே" என்பார்கள். தோல்விகள் இருந்தன, மறுக்கவில்லை. மே மாதத்தில் குழந்தைகள் திரும்பி வந்தபோது பல காப்பகங்கள் நாட்களைக் குறைத்தன, புதிய குழந்தைகளைச் சேர்க்கத் தயங்கின. ஏன் என்று பார்க்க வேண்டும். தரப்பட்டது பழைய வரவில் பாதி. எத்தனை குழந்தைகள் கூடுதலாக வந்தாலும் தொகை மாறாது. மீதியை ஜாப்கீப்பர் நிரப்பும் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் தற்காலிக விசாவில் இருந்த பெரும்பாலான பணியாளர்களுக்கும், ஓராண்டு நிறைவடையாத தினக்கூலிப் பணியாளர்களுக்கும் ஜாப்கீப்பர் கிடையாது. செலவில் பாதியை மட்டும் கொடுத்துவிட்டு, முழுச் சேவையையும் எதிர்பார்த்ததுதான் பிழை. நேரடியாக நிதி கொடுப்பது என்ற கொள்கைக்கும் அந்தத் தோல்விக்கும் தொடர்பில்லை. ஜூலை 13 முதல் பழைய மானியமும் கட்டணமும் திரும்பின. ஜூலை 20 அன்று ஜாப்கீப்பரை முதலில் இழந்ததும் இந்தத் துறைதான். பணியாளர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பெண்களாக உள்ள துறை அது.

கட்டணம் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மெல்பர்னில் இரண்டாவது அலை முற்றியது. ஆகஸ்ட் 6 முதல் செப்டம்பர் 27 வரை, அனுமதி பெற்ற தொழிலாளர்களின் பிள்ளைகளையும் பாதுகாப்புத் தேவைப்பட்ட பிள்ளைகளையும் தவிர மற்றவர்கள் வரக் கூடாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யாரும் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்பவர் வீட்டில் இருப்பவரா, இல்லாதவரா? கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய மறுபடியும் தனியாக ஓர் அறிவிப்பு வர வேண்டியதாயிற்று. 2021-இல் சிட்னியின் கதை இன்னும் தெளிவானது. ஜூன் 26-இல் ஊரடங்கு தொடங்கியது. முடிந்தவர்கள் பிள்ளையை வீட்டில் வையுங்கள் என்றது அரசு; கட்டணத் தள்ளுபடிக்கு அனுமதி ஜூலை 19-இல்தான் வந்தது. அதுவும் காப்பகம் தன் கைப்பணத்திலிருந்து செய்ய வேண்டிய தள்ளுபடி. அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டும் 25 சதவீத உதவி ஆகஸ்ட் 23-இல்தான் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஒரு மாதத்துக்கும் மேலாக, ஒரே தெருவில் உள்ள இரண்டு காப்பகங்களில் ஒன்று தள்ளுபடி தரும், மற்றொன்று தராது. பெற்றோருக்கு என்ன கிடைக்கும் என்பது காப்பக உரிமையாளரின் கையிருப்பைப் பொறுத்தது. இதே மாதங்களில் தொடக்கப் பள்ளிகளும் வீட்டுக் கல்விக்கு மாறியிருந்தன. எந்த அரசுப் பள்ளிப் பெற்றோரும் பிள்ளையின் இடம் பறிபோகுமோ என்று பயப்படவில்லை. நிரந்தரப் பணியில் இருந்த எந்த அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் சம்பளம் நிற்கவில்லை. பள்ளிக்குப் போகும் நிதி அன்றாட வருகையைப் பார்த்துப் போவதில்லை என்பதுதான் காரணம். நான்கு வயதுப் பிள்ளைக்கும் ஐந்தரை வயதுப் பிள்ளைக்கும் இடையே இவ்வளவு பெரிய வேறுபாட்டை வைக்க நியாயம் எதுவும் இல்லை.

இன்னொரு எதிர்வாதம், பெற்றோரின் நியாயமான கோபத்திலிருந்து வருவது: "கிடைக்காத சேவைக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?" கட்டக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் கட்டணத்தை நிறுத்துவதோடு நின்றுவிட்டால் பாரம் பெற்றோரிடமிருந்து பணியாளருக்கு மாறும். அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால் காப்பகம் திறக்கும் நாளில் குழந்தையைத் தூக்க ஆளிருக்காது. பெற்றோரின் நலனும் பணியாளரின் நலனும் எதிரெதிரானவை என்று தோன்றியதே இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய தீங்கு. நிலையான செலவை அரசு ஏற்றுக்கொண்டால் இருவரும் எதிரெதிரே நிற்கத் தேவையில்லை.

பிள்ளைகளை வீட்டிலேயே வளர்க்கும் குடும்பங்களின் வரிப்பணம் ஏன் இதற்குப் போக வேண்டும் என்றும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் புலம்பெயர்ந்த நம் குடும்பங்களுக்குத் தனி அக்கறை உண்டு. குழந்தை பிறந்ததும் ஊரிலிருந்து தாத்தா பாட்டி வருகை விசாவில் வந்து மாதக்கணக்கில் தங்கிப் பார்த்துக்கொள்வது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெருவழக்கு. பலருக்கு அதுதான் உண்மையான சைல்ட்கேர். 2020 மார்ச் 20 அன்று நாட்டின் எல்லை மூடப்பட்டது. குடியுரிமை பெற்ற மகனின், மகளின் பெற்றோரைக்கூட நெருங்கிய குடும்பத்தினராக அரசு ஏற்றுக்கொண்டது 2021 நவம்பர் 1 முதல்தான். அதுவரை ஏறக்குறைய இருபது மாதம் அந்த வழி அடைபட்டிருந்தது. தற்காலிக வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் இருந்த பெரும்பாலான குடும்பங்களுக்கு சைல்ட்கேர் மானியமும் கிடையாது என்பதால் அவர்களுக்கு இரண்டு கதவும் மூடியிருந்தன. சொந்த பந்தத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் ஒரு நாள் பொது ஏற்பாடு தேவைப்படும். அது அன்று இருக்க வேண்டுமானால் இன்றே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்தை வீடு பற்றிய பிறகு கட்டத் தொடங்க முடியாது.

கடைசியாக, கனமான ஒரு வாதம். அனைவருக்கும் ஒரே குறைந்த கட்டணம் என்று வைத்தால் கூடுதல் பயன் வசதியானவர்களுக்கே போகும் என்று ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையம் 2024 அறிக்கையில் கருதியது. பெரும்பாலான காப்பகங்களைத் தனியார் லாபத்துக்கு நடத்தும்போது, அரசுப் பணம் பங்குதாரர் பைக்குப் போகாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். முதலாவதற்கு என் பதில்: நேரடி நிதி என்றால் முழு இலவசம் என்று பொருளில்லை. அடிப்படைச் செலவை அரசு ஏற்று, மீதியை வருமானத்துக்கு ஏற்பப் பெற்றோரிடம் வாங்கலாம். இரண்டாவதற்கு வரலாறே பதில் சொல்கிறது. நாட்டின் மிகப் பெரிய காப்பக நிறுவனமாக இருந்த ஏபிசி லேர்னிங் 2008-இல் நொடித்தபோது, கதவுகள் மூடாமலிருக்க அரசுதான் பணம் கொடுத்தது. பிறகு அதன் அறுநூற்றுக்கும் மேற்பட்ட மையங்களை குட்ஸ்டார்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு ஏற்றுக்கொண்டது. லாபம் தனியாருக்கும் நட்டம் பொதுமக்களுக்கும் என்பது இன்றைய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. நேரடியாக நிதி கொடுக்கும் அரசுக்குத்தான் கட்டணத்துக்கும் ஊதியத்துக்கும் நிபந்தனை விதிக்கும் வலு வரும். காப்பகப் பணியாளருக்கு 2024 டிசம்பர் முதல் இரண்டு கட்டமாக 15 சதவீத ஊதிய உயர்வுக்கு நிதி கொடுத்த அரசு, பதிலுக்குக் கட்டண உயர்வுக்கு வரம்பு கட்டியது அதற்குச் சான்று.

மாற்றம் தொடங்கியிருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2023-இல் மானியத்தின் உச்சம் 90 சதவீதமானது. பெற்றோர் எத்தனை மணி நேரம் வேலை செய்தாலும், மானியத்துக்குத் தகுதியுள்ள குடும்பத்துக்கு வாரம் மூன்று நாள் உறுதி என்ற சட்டம் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விக்டோரியாவில் மூன்று, நான்கு வயதினருக்கான மழலையர் கல்வியை மாநில அரசு இலவசமாக்கியிருக்கிறது. ஆனால் பணம் இன்னும் குழந்தை வரும் நாளைத்தான் பின்தொடர்கிறது. பெற்றோர் அமைப்புகளும் பணியாளர் சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டியது நான்கு வரிகளில் அடங்கும்: பிள்ளையை வீட்டில் வைக்கும்படி அரசு சொல்லும் நாளிலிருந்து கட்டணம் நிற்க வேண்டும், காப்பகத்தின் அடிப்படைச் செலவுக்கான நிதி அன்றே தானாக வர வேண்டும், பிள்ளையின் இடம் அப்படியே இருக்க வேண்டும், பணியாளரின் சம்பளம் விசாவையோ பணிமூப்பையோ பார்த்து நிற்கக் கூடாது. இதற்குத் தனி அறிவிப்பும் செய்தியாளர் சந்திப்பும் தேவைப்படாதபடி சட்டத்தில் இருக்க வேண்டும். அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் அந்த வாரக் கட்டணம் யாருடையது என்பதை இப்போதே எழுதிவைக்க முடியும்; எழுதிவைக்க வேண்டும்.

அன்புடன்,
மெல்பர்னிலிருந்து